டியர்பார்னில் ஓடும் பழங்கார்கள்

பொருட்காட்சிச் சாலை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது "தொடாதீர்கள்" என்னும் அறிவிப்புப் பலகைதான். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வாள், கயிற்றுக்கு அப்பால் ஒரு பல்லக்கு, மூலையில் முக்காலியில் அமர்ந்து கண்ணயரும் ஒரு காவலர். அழைத்துச் சென்ற பிள்ளைகள் அரைமணி நேரத்திற்குள் "எப்போது வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பல்லக்கு என்றால் அதில் ஏற வேண்டும், குறைந்தபட்சம் தூக்கியாவது பார்க்க வேண்டும். தொலைவில் நின்று பார்ப்பதற்குப் படமே போதுமே!

வட அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டியர்பார்ன் நகரில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் கண்டேன். அங்கே, நூறாண்டு கண்ட கார்கள் சீட்டு வாங்கிய எவரையும் ஏற்றிக்கொண்டு தெருவில் ஓடுகின்றன. தொழிலாளியின் குழந்தையும் ஏறலாம், கடல் கடந்து வந்த கிழவியும் ஏறலாம்.

டெட்ராயிட் மாநகரை ஒட்டி மேற்கே அமைந்துள்ளது டியர்பார்ன். கார் உற்பத்தியால் உலகப் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தது இப்பகுதியில்தான். இங்கே அவர் உருவாக்கிய கிரீன்ஃபீல்டு கிராமத்தை, மிச்சிகனில் குடியேறியிருக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்றுடன் காணச் சென்றேன். அக்குடும்பத்தின் தலைவர் மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலையைத் தொடங்கியவர். அவருடைய மகனுக்கு வயது பன்னிரண்டு, மகளுக்கு எட்டு. பேரப்பிள்ளைகளைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த பாட்டியும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் எங்களுடன் புறப்பட்டுவிட்டார்.

கிராமம் என்னும் சொல் இங்கே சற்று வேடிக்கையானது. நாட்டின் பல பாகங்களிலிருந்து பழைய வீடுகளையும் பட்டறைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி நிறுத்திய ஊர் இது. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை, ஒஹாயோ மாநிலத்து டேட்டனிலிருந்து இங்கே குடிபெயர்ந்திருக்கிறது. எடிசன் தம் மின்விளக்கை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தையும் இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஃபோர்டு பிறந்த வீடும் 1944இல் இங்கே கொண்டுவரப்பட்டது. ஊர்ப் பசுந்திடலின் ஓரத்தில் ஊசிக் கோபுரத்துடன் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. மார்த்தா–மரியா ஆலயம் என்பது அதன் பெயர். பெத்தானியாவின் சகோதரிகளை எண்ணி நான் மகிழ்ந்தேன். விசாரித்தால், ஃபோர்டின் தாயார் பெயர் மேரி, மாமியார் பெயர் மார்த்தா! மாமியாரைத் தாய்க்கு முன்னால் நிறுத்திய மருமகனைப் பாட்டி வாயாரப் புகழ்ந்தார்.

1929இல் தொடக்க விழா கண்ட இவ்வூர் 1933இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் திறந்துவிடும் முன்பே இங்கே பிள்ளைகள் இருந்தார்கள். ஃபோர்டு தாம் சிறுவயதில் படித்த பள்ளிக்கூடக் கட்டடத்தை இங்கே கொணர்ந்து, 1929இலேயே அதில் பள்ளி தொடங்கினார். செய்து பார்த்துக் கற்பதே கல்வி என்பது அவர் கொள்கை. வரலாறு என்பது பெரும்பாலும் வெற்றுப் பேச்சு என்று 1916இல் ஒரு செய்தித்தாளிடம் கூறி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவரே. அரசர்களையும் போர்களையும் அடுக்கும் புத்தக வரலாற்றைத்தான் அவர் வெறுத்தார். உழுதவனின் கலப்பையையும் தைத்தவளின் இயந்திரத்தையும் மட்டும் சலிக்காமல் சேர்த்துவைத்தார்.

இனி கார்களுக்கு வருவோம்.

இங்கே சவாரிக்கு ஓடுபவை "மாடல் டி" என்னும் வகையைச் சேர்ந்தவை. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கார்கள் இவ்வகையில் உற்பத்தியாயின. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை குறைந்துகொண்டே வந்து, 1925இல் மிக மலிவான வடிவம் 260 டாலருக்குக் கிடைத்தது. 1913இல் ஃபோர்டின் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசை முறை புகுத்தப்பட்டதே இதன் இரகசியம். அதுவரை ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. அடுத்த ஆண்டிலேயே அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. சீமான்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த காரை விவசாயியின் வாசலுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டிதான்.

சவாரிக்காக வரிசையில் நின்றோம். நுழைவுச் சீட்டு வேறு, சவாரிச் சீட்டு வேறு. இக்கிராமத்தைச் சுற்றிவரும் நீராவி ரயில், குதிரை வண்டி, 1913ஆம் ஆண்டைச் சேர்ந்த குதிரைப் பொம்மை ராட்டினம், கார் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகவும் வாங்கலாம். எங்கள் முறை வந்தது. மேற்புறம் துணிக்கூரை, பக்கங்கள் திறந்தவெளி, மர ஆரக்கால் பூட்டிய சக்கரங்கள், கறுத்துப் பளபளக்கும் உடம்பு. தட்டையான தொப்பி அணிந்த முதிய ஓட்டுநர் எங்களை வரவேற்றார்.

மகள் முதலில் ஓடிப்போய் இடப்பக்க முன்கதவைப் பிடித்து இழுத்தாள். "ஃபாதர், இந்தக் கதவு திறக்கவில்லையே!" திறக்காது. அது கதவே அன்று, கதவைப்போல் தகட்டில் அழுத்திய வெறும் கோடு. அந்தப் பக்கம் கைப்பிரேக்கின் நெம்புகோல் நிற்பதால், அமெரிக்காவில் செய்த இவ்வகைத் திறந்த கார்களில் 1925 வரை ஓட்டுநருக்கென்று கதவு கிடையாது. அவர் வலப்பக்கம் ஏறி, நகர்ந்து சென்று தம் இடத்தில் அமர வேண்டும். இது அவளுக்கு அளித்த மகிழ்ச்சி அளவற்றது. கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்த காரை ஆயிரம் முறை பார்த்தாலும் இந்தப் பொய்க்கதவை அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

முன்பலகைக்குப் பின்னால் மரப்பெட்டிகளில் அடங்கிய நான்கு காயில்கள் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலிக்க, வண்டி உயிர்பெற்றது. நடுக்கம் பாதத்தில் தொடங்கி முதுகெலும்பில் ஏறுகிறது. 20 குதிரைத் திறன்தான். நல்ல சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர்வரை போகக்கூடியது என்றாலும், மக்கள் நடமாடும் இக்கிராமத் தெருக்களில் மாட்டுவண்டிக்குச் சற்றே மேலான வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். எதிரே குதிரை வண்டி வந்தது. ஹாரன் கரகரத்த குரலில் கூவியது. நடந்து செல்வோர் கையசைத்தார்கள், பிள்ளைகளும் அசைத்தார்கள். பெட்ரோல் வாடையும் வெந்த எண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தன.

பாட்டி வேறோர் உலகத்திற்குப் போய்விட்டிருந்தார். அவர் சிறுமியாக இருந்த நாளில் ஊருக்கு வந்த பஸ்ஸின் மூக்கில் கண்டக்டர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, பல்லைக் கடித்துச் சுழற்றிக் கிளப்புவாராம். ஒருமுறை அது திருப்பியடித்து அந்த மனிதரின் மணிக்கட்டு முறிந்ததையும் சொன்னார். பேரன் ஆங்கிலத்தில் இதை எடுத்துரைக்க, ஓட்டுநர் வியப்புடன் தலையசைத்தார். 1919க்கு முந்திய மாடல் டி கார்கள் அனைத்தும் அவ்வாறு கைப்பிடியால் கிளப்பப்பட்டவையே என்றும், தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தும் நெம்பை முதலில் மேலே தள்ள மறந்தவர்களின் கை முறிந்தது இங்கேயும் வாடிக்கை என்றும் அவர் விளக்கினார். மொழி தெரியாத அந்த இருவரும் ஒரு கைப்பிடியைப் பற்றி இவ்வளவு உறவு கொண்டாடியதை நான் எதிர்பார்க்கவில்லை. பேரனோ, தன் பாட்டிக்கு இயந்திரங்களைப் பற்றி ஏதேனும் தெரியும் என்பதையே அன்றுதான் அறிந்தான்.

சவாரி சில நிமிடங்களில் முடிந்தது. நான் இறங்கியபின் ஓட்டுநரிடம் கால்மிதிகளைக் காட்டும்படி கேட்டேன். மூன்று மிதிகள். நாம் நினைப்பதுபோல் அவை கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்றிருக்கவில்லை. இடக்கால் மிதியை முழுதும் அழுத்தினால் தாழ்ந்த கியர், பாதி அழுத்தினால் கியர் விடுபட்டு வண்டி சும்மா நிற்கும், காலை எடுத்துவிட்டால் உயர்ந்த கியர். நடு மிதியை அழுத்தினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். வலது மிதிதான் பிரேக். வேகத்தைக் கூட்டுவதோ காலால் அன்று, ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் வலப்புறமுள்ள சிறு நெம்பைக் கையால் இழுத்துத்தான். இன்றைய ஓட்டுநர் ஒருவர் ஏறியமர்ந்து வழக்கம்போல் வலக்காலை அழுத்தினால் வண்டி குலுங்கி நின்றுவிடும்! பெட்ரோல் டாங்கியும் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பம்பு இல்லை, பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினை அடைய வேண்டும். ஆகவே செங்குத்தான மேட்டில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேறுவார்களாம். பையன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எண்ணெய் அளவைக் காட்டும் முள்ளும் கிடையாது. வண்டிக்கு அடியில் குனிந்து, மேலும் கீழுமாக உள்ள இரண்டு சிறு குழாய்களில் ஒன்றைத் திறந்து, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அறிவெல்லாம் எங்கே இருக்கிறது? புத்தகத்தில் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் இடக்காலை எந்த அளவு தளர்த்தினால் வண்டி துள்ளாமல் நகரும் என்பதை எந்தப் புத்தகமும் காலுக்குச் சொல்லித் தந்துவிடாது. அதை அறிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து காட்ட வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டால் வண்டி மிஞ்சும், ஓட்டும் வித்தை ஒரே தலைமுறையில் மறைந்துபோகும். மிச்சிகனின் மேற்குப் பகுதியிலுள்ள ஹிக்கரி கார்னர்ஸ் என்னும் சிற்றூரில், 1966இல் திறக்கப்பட்ட கில்மோர் கார் அருங்காட்சியகம் இதை நன்கு உணர்ந்திருக்கிறது. அங்கே பொதுமக்களுக்கு மாடல் டி ஓட்டக் கற்பிக்கும் வகுப்பே நடத்துகிறார்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு, வந்தவர் கையிலேயே ஸ்டியரிங்கை ஒப்படைத்துவிடுகிறார்கள். எனக்கு அங்கே போக நேரமில்லை. அது ஒரு குறையாகவே இருக்கிறது.

"ஓட ஓடத் தேயாதா, ஃபாதர்?" என்று குடும்பத் தலைவர் கேட்டார். பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விதான். தேயும். கியரை இறுகப் பிடிக்கும் பட்டைகளின் துணி தேய்கிறது, தாங்கிகள் தேய்கின்றன, நாள் முழுவதும் ஏறி இறங்கும் குழந்தைகளின் காலணிகள் ஃபுட்போர்டைச் சுரண்டுகின்றன. பழம்பொருளைக் காப்பவர்களில் ஒரு சாரார், பயன்படுத்துவதே அழிப்பது என்பார்கள். அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போன துணியும் தேய்ந்த உலோகமும் திரும்ப வருவதில்லை. புதிதாகப் போட்டது பழையதாகிவிடாது.

ஆனால் டியர்பார்னில் எதை ஓட்டுகிறார்கள், எதை ஓட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிராமத்தை ஒட்டியுள்ள பெரிய அருங்காட்சியகக் கட்டடத்தில், ஃபோர்டு தம் கையால் செய்த முதல் வண்டி நிற்கிறது. நான்கு சைக்கிள் சக்கரங்கள் பூட்டிய அந்த வண்டியை 1896ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் விடியற்காலையில் அவர் முடித்தபோது, பட்டறையின் வாசல் அதற்குப் போதவில்லை. கோடரியை எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வண்டியை வெளியே கொணர்ந்தார். 1927 மே 26ஆம் நாள் வெளிவந்த ஒன்றரைக் கோடியாவது ஃபோர்டு காரும் அங்கேதான் நிற்கிறது. இவற்றில் யாரும் ஏற முடியாது. ஒன்றே ஒன்று இருப்பதை ஒதுக்கிக் காக்கிறார்கள். ஒன்றரைக் கோடியாகப் பிறந்ததை ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெருகியதால்தான் இன்றும் சிறு பட்டறைகள் மாடல் டி காருக்கு உதிரிபாகங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றன. இந்தப் பாகுபாடு எனக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கார் ஆகுமா என்று கேட்போருக்கு நம் ஊர்த் தேர்களைத்தான் காட்டத் தோன்றுகிறது. அச்சை மாற்றுகிறோம், சக்கரத்தை மாற்றுகிறோம், வடத்தைப் புதிதாகத் திரிக்கிறோம். அதனால் தேர் வேறாகிவிட்டது என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. இழுக்காமல் விட்ட தேர்தான் கொட்டகைக்குள்ளேயே கறையானுக்கு இரையாகிறது.

ஆண்டுதோறும் செப்டம்பரில் இங்கே பழைய கார்த் திருவிழா ஒன்று நடக்கிறது. 1951 முதல் நடந்துவரும் இத்திருவிழாவுக்கு 1932க்குள் செய்யப்பட்ட வண்டிகளைத் தனியார் பலர் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். டிசம்பர் மாத கிறிஸ்துமஸ் இரவுகளிலும், தெருவெங்கும் விளக்கொளியும் கம்பளிக்குள் நடுங்கும் பிள்ளைகளுமாக, மாடல் டி சவாரி உண்டாம். பனியில் திறந்த காரா என்று பாட்டி பயந்தார்.

இத்தனை இனிமைக்கிடையில் ஒன்று என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. திறந்த காரில் ஏறி, பழைய வீடுகளைக் கண்டு, கையசைத்துக்கொண்டே போனால், பழங்காலம் முழுவதுமே இப்படிக் குளிர்ந்த காற்றாய் இருந்தது என்று குழந்தை நம்பிவிடாதா? இதே கிராமத்தில், ஜார்ஜியா மாநிலத் தோட்டமொன்றில் அடிமைகள் வாழ்ந்த இரண்டு செங்கல் குடில்களும் நிற்கின்றன. 1914இல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் தந்து உலகை வியக்கவைத்த அதே ஃபோர்டு, 1920 முதல் தம் சொந்தப் பத்திரிகையில் யூத மக்களுக்கு எதிராக நச்சுக் கட்டுரைகளை வெளியிட்டு, 1927இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. காரின் நடுக்கம் இவற்றையெல்லாம் சொல்லித் தராது.

பிற்பகலில் அருங்காட்சியகத்திற்குள் நுழைந்தபோது இதற்கு ஒரு விடை காத்திருந்தது. மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக ஒரு நகரப் பஸ். 1948இல் செய்யப்பட்டது, எண் 2857. அலபாமா மாநிலத்து மாண்ட்கொமரி நகரில் 1955 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, 42 வயதுத் தையற்காரியான ரோசா பார்க்ஸ் அம்மையார் வேலை முடிந்து ஏறிய பஸ் இதுவே. பின்பு ஒரு வயல்வெளியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் துருவேறிக் கிடந்ததை, அருங்காட்சியகம் 2001இல் ஏலத்தில் 4,92,000 டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு 2003இல் காட்சிக்கு வைத்தது. இதுவும் ஒன்றே ஒன்றுதான். எனினும் இதற்குக் கயிறு கட்டவில்லை. படியேறி உள்ளே போய் அமரலாம். எந்த விதியையும் ஒருமுறையாவது மீறத்தான் வேண்டும் போலும்.

முழங்கால் வலி மிகுந்துவிட்டபடியால் பாட்டி ஏறியவுடன் முன்வரிசையிலேயே அமர்ந்துவிட்டார். சிறுமி அவர் மடியில் சாய்ந்துகொண்டு, "இது எப்போது கிளம்பும்?" என்று கேட்டாள். இது ஓடாது என்று அண்ணன் சொன்னான். வழிகாட்டி பேசத் தொடங்கினார். முன்னால் உள்ள 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். அவை நிறைந்து ஒரு வெள்ளையர் நின்றதும், அடுத்த வரிசையிலிருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் எழுந்து பின்னால் போகச் சொன்னார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள், ரோசா பார்க்ஸ் எழவில்லை. அவரைக் கைது செய்தார்கள். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போனார்கள். 1956இன் இறுதியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அந்த வழக்கம் மாண்ட்கொமரி பஸ்களில் ஒழிந்தது. அம்மையார் அடுத்த ஆண்டே இந்த டெட்ராயிட்டுக்குக் குடிவந்து, 2005இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

பேரன் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, தம் கறுத்த கையைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது இல்லையா, தம்பி?" என்றார். பையன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தை, "முடியாது அம்மா" என்றார்.

பாட்டி எழுந்தார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, வழிகாட்டி காட்டிய அந்த வரிசைக்குப் போய், நடைவழி ஓரத்தில் அமர்ந்தார். சிறுமியும் ஓடிச்சென்று அருகில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, கீழே வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம்விட்டு இறங்கினோம்.